சுவிட்ச் பெட்டி சொல்ல வந்தது

ஒரு அலுவலகத்தின் பின்னறையில் ஏழு கணினிகளுக்கும் சேர்த்து ஒரே திரை, ஒரே கீபோர்டு, ஒரே மவுஸ். எந்தக் கணினியைத் திரையில் காட்டுவது என்பதை நடுவில் இருந்த சுவிட்ச் பெட்டி பார்த்துக்கொண்டது. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். பகல் முழுக்க அதே வேலை.

மூலையில் ஒரு பழைய ரவுட்டர் இருந்தது. அதற்குப் படம் காட்டத் தெரியாது. சீரியல் கேபிள் வழியாக வரிவரியாக எழுத்துதான் அனுப்பும். ஒருநாள் எஸ்தர் என்ற ஊழியர், எழுத்தைப் படமாக்கும் சின்ன அடாப்டர் ஒன்றை மாட்டி, ரவுட்டரையும் பெட்டியோடு இணைத்தார்.

“என்னங்கய்யா சொல்லணும்?” என்று அடாப்டர் கேட்டது.

“விசிறி நின்னுபோச்சு. சூடு தாங்கலை. எட்டு மாசமா இதைத்தான் சொல்லிட்டிருக்கேன்,” என்றது ரவுட்டர்.

அது அப்படியே திரையில் வந்தது. எஸ்தர் படித்துப் பார்த்தார். “இவ்வளவு நாளா இப்படியேவா ஓடுச்சு?” என்று முணுமுணுத்தவர், அன்றைக்கே புது விசிறி போட்டார்.

ரவுட்டரின் சூடு தணிந்தது. “இன்னும் ஏதாவது இருக்குங்களா?” என்றது அடாப்டர்.

“இல்லப்பா. கொஞ்ச நேரம் பேசாம இருக்கேன்.”

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த சுவிட்ச் பெட்டி, “பத்து வருஷத்துல என்கிட்ட யாரும் அப்படிக் கேட்டதில்லை,” என்றது.

“இப்ப நான் கேக்கறேன். சொல்லுங்கண்ணே,” என்றது அடாப்டர்.

பெட்டிக்கு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. வெகுநேரம் யோசித்து, “முதல்ல வந்து...” என்று அது ஆரம்பித்தபோது எஸ்தர் மூன்றாம் பொத்தானை அழுத்தினார். பெட்டி மூன்றாவது கணினியின் பக்கம் திரும்பியது.