மூன்றாம் மேஜையின் சிவப்பு விளக்கு

"மறுபடியும் சிவப்பு. இதுக்கு என்னம்மா சொல்றே?"

சூப்பர்வைசர் தட்டை வைத்த வேகத்தில் அதிலிருந்த கறுப்புத் துண்டுகள் துள்ளின. பொட்டு அளவு உடம்பு, மூன்று கால். டி.வி.யின் முகத்துக்குள் உட்கார்ந்துகொண்டு ரிமோட் சொல்வதை வாங்கிக்கொள்ளும் ரிசீவர் அதுதான். ஒவ்வொன்றையும் சோதனைப் பெட்டியில் செருகி, ரிமோட்டை அழுத்த வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால் நல்ல பீஸ். சிவப்பு எரிந்தால் குப்பை.

திங்கட்கிழமையிலிருந்து மூன்றாம் மேஜையில் பச்சையே எரியவில்லை.

"எப்பவும் போலத்தான் சார் செருகுறேன்."

"இதே தட்டைப் பக்கத்து மேஜையில வெச்சா மொத்தமும் பச்சை. அப்போ கோளாறு பீஸ்லயா, உன் கையிலயா? நீ வேணும்னே கெடுக்கிறேன்னுதான் நான் எழுதப் போறேன். சாயங்காலம் கணக்கை முடிச்சுக்கிட்டுக் கிளம்பு."

பக்கத்து மேஜையில் எப்போதும் ஏதாவது முணுமுணுத்துக்கொண்டிருக்கும் பாட்டுக்காரன்கூட வாயை மூடிக்கொண்டான்.

"அப்படி எழுதினா வேற எந்தக் கம்பெனியிலயும் என்னை வாசலோட அனுப்பிடுவாங்க சார்."

"அது முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். உன் தலையில தூசி கொட்டுதுன்னு ஞாயித்துக்கிழமை லீவுல வந்து ஏசி சல்லடையைத் துடைச்சு மாட்டினாரே உன் வீட்டுக்காரர், அந்த மனுஷன் முகத்தையாவது நினைச்சியா?"

அந்த மனுஷன் அங்கேதான் நின்றிருந்தார். தொழிற்சாலையின் எலக்ட்ரீஷியன். சோதனைப் பெட்டிக்குக் கரண்ட் ஒழுங்காக வருகிறதா என்று பார்க்க, கோடியில் இருக்கும் மின்சார அறையிலிருந்து அவரை வரவழைத்திருந்தார்கள்.

"கரண்ட்ல குறை இல்ல சார்," என்றார். "ஆனா இவ மேலயும் குறை இல்ல. தலை நிமிராம வேலை பார்க்கிறவ. பக்கத்துல யார் பாடினாலும் திரும்ப மாட்டா. இன்னிக்குக் காலையிலேர்ந்து தண்ணி குடிக்கக்கூட எழுந்திரிக்கல."

அவளுக்குக் கண் கலங்கியது. வீட்டில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவர், இத்தனை பேர் எதிரில் தனக்காகப் பேசுகிறார்.

"பெண்டாட்டிக்குப் பரிஞ்சு பேசாதவன் எவன்யா," என்றார் சூப்பர்வைசர்.

அதற்குள் மேனேஜரம்மா வந்துவிட்டார். நடந்ததைக் கேட்டுக்கொண்டு, ஒரு நிமிடம் மேஜையையே பார்த்தார்.

"பாட்டுக்காரரே, நீங்க வந்து இந்த நாற்காலியில உட்காருங்க."

"அவன் எதுக்கு மேடம் இங்க?" என்றார் எலக்ட்ரீஷியன்.

"சும்மா இருங்க."

பாட்டுக்காரன் தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தான். ஒரு பீஸைச் செருகி ரிமோட்டை அழுத்தினான். சிவப்பு. இன்னொன்று. அதுவும் சிவப்பு.

"ஐயோ, என் கையும் கெட்டுப்போச்சு மேடம்," என்றான்.

அவனுடைய சோதனைப் பெட்டியையே தூக்கி வந்து இங்கே வைத்துப் பார்த்தார்கள். அப்போதும் சிவப்பு.

"கை இல்ல, பெட்டி இல்ல. இந்த இடம்தான்," என்றார் மேனேஜரம்மா. "இந்த ரிசீவருக்கு நம்ம கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்தான் தெரியும். அதே மாதிரி வெளிச்சம் வேற எங்கேயிருந்தோ விடாம அடிச்சா, பாவம், கூசிப் போய் ரிமோட்டைக் கண்டுக்காது. ஏதாவது ஹீட்டரு, இருட்டுல பார்க்கிற கேமரா, இப்படி எது இருந்தாலும் போதும்."

"நம்ம கேமரா எல்லாம் வாசல்லதான் மேடம். ஹீட்டர் இந்தப் பக்கமே கிடையாது," என்றார் சூப்பர்வைசர்.

"வேற மேஜை போட்டுக் குடுத்துடுங்க மேடம்," என்று எலக்ட்ரீஷியன் அவசரமாகக் குறுக்கிட்டார். "வேலை நடக்கும். இதைப் போய் ஆராய்ஞ்சுக்கிட்டு."

"வேலையைவிட்டே அனுப்பப் பார்த்தாங்க, நீங்க மேஜையை மாத்தினா போதும்னு சொல்றீங்களே," என்றாள் அவள்.

"கண்டுபிடிக்கிறது சுலபம்," என்றார் மேனேஜரம்மா. "நம்ம கண்ணுக்குத் தெரியாட்டியும் போன் கேமராவுக்கு அந்த வெளிச்சம் ஊதாவா தெரியும். போனைச் சுத்திக் காட்டினா எங்கேயிருந்து வருதுன்னு பார்த்துடலாம். எலக்ட்ரீஷியன், உங்க போனைக் குடுங்க."

எல்லோர் போனும் வாசலில் பூட்டிக் கிடந்தது. கரண்ட் போனால் கூப்பிட வேண்டும் என்பதற்காக எலக்ட்ரீஷியன் ஒருவருக்குத்தான் உள்ளே போன் வைத்துக்கொள்ள அனுமதி. இவ்வளவு நேரம் கையில் வைத்திருந்ததை அவர் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"சார்ஜ் சுத்தமா இல்ல மேடம். நான் ஓடிப்போய் உங்க போனை எடுத்துட்டு வந்துடறேன்."

"காலையில நான்தானேங்க சார்ஜ் போட்டு எடுத்துக் குடுத்தேன்?"

"தீர்ந்துபோச்சு. நீ பேசாம இரு."

"என்ன பேசாம இரு? என் பொழைப்பு போகுது, உங்களுக்குச் சார்ஜ் பெரிசாப் போச்சா?"

அவர் பின்வாங்குவதற்குள் அவள் கையை நீட்டிச் சட்டைப்பையிலிருந்து போனை உருவிவிட்டாள்.

கேமராவைத் திறக்க வேண்டிய வேலையே இருக்கவில்லை. திரை ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. அதில், உயரத்திலிருந்து பார்ப்பதுபோல் ஒரு படம்: மூன்றாம் மேஜை, அதைச் சுற்றி நாலைந்து தலைகள், நடுவில் போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பெண்.

அவள் மெல்ல நிமிர்ந்து தலைக்கு மேலிருந்த ஏசி சல்லடையைப் பார்த்தாள். குனிந்தபோது, ஒரு நொடி தாமதமாக, திரையிலிருந்த பெண் நிமிர்ந்து அவளையே பார்த்தாள்.