குமிழி விடாத கல்

"செத்துப்போச்சும்மா. மூச்சே இல்லை. இன்னும் எதுக்குக் காத்துக்கிட்டு இருக்கே?"

மூத்த பொறியாளர் கண்ணாடிக் குடுவையைக் குனிந்து பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தார். எஃகு உருளைக்குள் அடைத்த பாறைத் துண்டின் வழியே எரிவாயு கசிந்து வந்தால், குடுவைத் தண்ணீரில் குமிழி எழ வேண்டும். எழவில்லை. பக்கத்துக் குடுவையிலோ பொலபொலவென்று வந்துகொண்டிருந்தது.

ஒரு துண்டு அவர் தோண்டிய எரிவாயுக் கிணற்றுடையது. மற்றது அவருடைய சகலை தோண்டியது. மாலையில் முடிவு, தோற்ற கிணற்றைச் சிமெண்ட் ஊற்றி மூடிவிடுவார்கள், தோண்டியவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

சோதனை முடியும்வரை எந்தக் கல் யாருடையது என்று சொல்வதில்லை என்பது ஆய்வுக்கூடத்து வழக்கம். அவருக்கு யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

"என் கல்லை எடுத்த கையோட மெழுகு பூசி, ஒரு சொட்டு ஈரம் போகாம அனுப்பினேன். அந்த ஆமை பழைய பேப்பர்ல சுத்தி வெயில்ல போட்டிருப்பான். ஒரு செருப்பு வாங்க அரை நாள் யோசிக்கிறவன்! எங்க மாமனாருக்கு மாப்பிள்ளை பார்க்கத் தெரிஞ்சது ஒரே ஒரு தடவைதான்."

ஆய்வுக்கூடத்துப் பெண் சிரிக்கவில்லை. "நல்லவர் சார் அவரு. எப்ப வந்தாலும், சாப்பிட்டியாம்மான்னு கேப்பாரு."

"கேப்பான். வேற என்ன தெரியும் அவனுக்கு?"

"கல்லுக்குள்ள தண்ணி இருந்தா வாயுவுக்கு உடனே வழி கிடைக்காது சார். அழுத்தம் மெல்ல ஏறி ஒரு அளவைத் தாண்டினாத்தான் நகரும். இதுக்கு இன்னும் ஒரு நாள் வேணும்னு நேத்து மேலிடத்துல கேட்டு, இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் வாங்கியிருக்காங்க."

"யாரு, என் சகலையா?"

"ஆமாங்க."

"கெஞ்சினானா?"

"ரொம்ப."

அவருக்குச் சிரிப்பு பீறிட்டது. செத்த கல்லுக்கு வைத்தியம் பார்க்கிறான்! இத்தனை வருஷமாகக் குடும்ப விசேஷங்களில் அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த அவமானமெல்லாம் இன்றோடு தீரும்.

"சார், வேணாங்க..." என்று அவள் எழுவதற்குள் குமிழி வராத உருளைக்கு வாயு போகும் வால்வைத் திருகி மூடி, உள்ளே ஏறியிருந்த அழுத்தத்தைத் திறந்துவிட்டார். அழுத்தமானியின் முள் சரிந்து பூஜ்யத்தில் படுத்துக்கொண்டது.

"மூத்தவர் வந்து பார்த்தாரு, இதுல ஒண்ணுமே இல்லைன்னு அவர் கையாலயே மூடிட்டாருன்னு மேலிடத்துல சொல்லிடு."

அவள் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்போ சோதனை முடிஞ்சதுங்களா சார்?"

"முடிஞ்சது. இனிமே தடை இல்லையே? எது யாரோடதுன்னு உன் வாயால சொல்லு, கேட்டு சந்தோஷப்படுறேன்."

அவள் குரல் தணிந்தது.

"ஒரு நாள் கேட்டது அவருதான் சார். ஈரம் காயாத உங்க கல்லுக்கு."