மட்கார்டில் இரண்டு சம்பந்திகள்

செங்கல் ஏற்றிய டிரெய்லரோடு டிராக்டர் சேற்றில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. பாரம் குறையட்டும் என்று சம்பந்திகள் இருவரும் பெரிய மனது வைத்து இறங்கி நிற்கிறார்கள், ஆளுக்கொரு பக்கமாக. பெண்ணும் மாப்பிள்ளையும் குடியேறப்போகும் வீட்டுக்கு மாடிப்படி உள்ளேயா வெளியேயா என்ற தகராறில் இரண்டு மாதமாக முகம் கொடுத்துப் பேசாதவர்கள். டிரைவர் முடுக்குகிறார். புத்தம்புது அகல டயர்கள் நின்ற இடத்திலேயே சுழன்று, இரண்டு வெள்ளைச் சட்டைகளிலும் ஓரவஞ்சனை இல்லாமல் சேற்றை வாரி அடிக்கின்றன. “டயர் அகலமா இருந்தா மட்டும் பத்தாதுங்க, மேல கனம் இருந்தாத்தான் மண்ணைப் பிடிக்கும். ஆளுக்கொரு மட்கார்டுல ஏறி உக்காருங்க,” என்கிறார் டிரைவர். பெண்ணின் அப்பா ஏற, இடது சக்கரம் அழுந்துகிறது. மாப்பிள்ளையின் அப்பா ஏற, வலது சக்கரமும் அதே அளவு அழுந்துகிறது. பொருத்தமான சம்பந்தம்தான். வண்டி முனகிக்கொண்டு நகர்கிறது. “படி உள்ளதான்,” என்கிறார் பெண்ணின் அப்பா, வானத்தைப் பார்த்து. மற்றவர் விருட்டென்று குதிக்கிறார். வலது சக்கரம் உடனே வெறுமனே சுற்றுகிறது. “ஐயா, ஏறுங்க! சண்டைய உக்காந்தே போடுங்க!” ஏறுகிறார். உட்கார்ந்தே போடுகிறார்கள். “வெளிய வெச்சா மழைல நனையணும்.” “அப்போ கைப்பிடியாவது மரத்துல போடணும்.” “போட்டாப் போச்சு.” வண்டி எப்போதோ கரையேறிவிட்டது, முன்னால் பாதை வெயிலில் காய்ந்து கிடக்கிறது. டிரைவர் திரும்பாமல் சொல்கிறார்: “இறங்கிடாதீங்க, இன்னும் சேறு இருக்கு.” இருவரும் புழுதி பறக்கும் பாதையை உற்றுப் பார்க்கிறார்கள். “ஆமாமா,” என்கிறார் ஒருவர். “நெறையவே இருக்கு,” என்கிறார் மற்றவர்.