ஜமீனும் நோஞ்சானும்

“ஏழுமே மலடுங்க. ஒண்ணு உடாமப் புடிச்சுட்டுப் போயிருங்க” என்றான் கதிர்வேல். மொபெட்டில் கூடை கட்டி வந்திருந்த கறி வியாபாரி சின்னண்ணன், கொல்லைத் தொட்டியை எட்டிப் பார்த்தார்.

தொட்டியில் ஏழு பெட்டை வாத்துகள். அவற்றில் ஒன்றின் பிடரியைக் கவ்வி, தண்ணீருக்குள் அமுக்கிக்கொண்டு மேலே ஏறியிருந்தது ஒரே ஆண் வாத்தான ஜமீன்.

“இதையும் புடிக்கறதா தம்பி?”

“அவன் இருக்கட்டும். பொழுதன்னிக்கும் சும்மாவா இருக்கறான், பாருங்க. அவன்மேல என்ன குத்தம்?”

நூல் மில்லில் நைட் ஷிஃப்ட் வேலையை விட்டு நாலு மாதம் ஆகியும் கதிர்வேலுக்குத் தூக்கம் பழைய கணக்கிலேயே நின்றது. பகலெல்லாம் கண் எரிய, வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தான். குஞ்சு பொரிக்க முட்டை கொடுத்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்றுதான் வாத்து வாங்கினான். இரண்டு முறை கொடுத்தும் ஒரு முட்டையில்கூடக் கரு இல்லை என்று இன்குபேட்டர் வைத்திருக்கும் இளவழகன் திருப்பிவிட்டான்.

அப்போதுதான் சேலம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு, டவுன் பஸ்ஸில் இறங்கி வந்தாள் அவன் மனைவி மைதிலி. கையில் ஃபைல். குழந்தை இல்லையென்று கல்யாணமான இரண்டாம் வருடம் தொடங்கியது, இப்போது செங்கல் கனம் இருந்தது. உள்ளே இருந்த டெஸ்ட் சீட்டெல்லாம் அவள் பேரில்தான்.

கூடையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். “ஏனுங்க, எல்லாத்தையுமா?”

“வேற பெட்டைக வாங்கிக்கலாம் மைதிலி. கரு புடிக்காததுகளுக்குத் தீனி போட்டு என்ன பண்றது?”

அவள் தொட்டியில் கைவிட்டு ஒரு வாத்தைத் தூக்கினாள். பிடரியில் இறகே இல்லை. தோல் சிவந்து புண்ணாகியிருந்தது.

“இதப் பாருங்க. மூணு வாரம் இவனைத் தனியா அடைங்க. அங்கமுத்து அண்ணன் ஊட்டு ஆண் வாத்தை வாங்கி உட்டுப் பாக்கலாம்.”

கதிர்வேல் சிரித்தான். “அந்த நோஞ்சானையா? நாலு எட்டு நடந்தா உக்காந்துக்கும். ஜமீனாலயே ஆகல, அவன் வந்து என்னத்தக் கிழிக்கப் போறான்?”

“கிழிக்கலேன்னா மறுபேச்சு பேச மாட்டனுங்க. ஏழையும் நானே புடிச்சுக் கூடையில போடறேன்.”

“மூணு வாரத்துல எடைதான் ஏறும். அப்பறமே வாரேன் தம்பி” என்று சின்னண்ணன் மொபெட்டைத் திருப்பினார்.

ஜமீனைக் கம்பி வலைக்குள் அடைத்தார்கள். அது கரகரவென்று சீறிக்கொண்டு வலையோரமாக நடந்தது. வலைக்கு இந்தப் பக்கம் கதிர்வேல் நடந்தான்.

அங்கமுத்து வீட்டிலிருந்து வந்த நோஞ்சான் காலையில் ஒருமுறை தொட்டியில் இறங்கும். ஒரு பெட்டையோடு கொஞ்ச நேரம் தலையை ஆட்டும், சேரும், கரையேறி முருங்கை நிழலில் படுத்துவிடும். “தூ, இவனும் ஒரு ஆம்பளை” என்பான் கதிர்வேல். இரண்டு வாரம் கழித்து மைதிலி எட்டு முட்டைகளைப் பொறுக்கி, அடைக்கோழிக்கு அடியில் வைத்தாள்.

சொன்ன நாளில் சின்னண்ணன் கூடையோடு வந்தார். மைதிலி இருவரையும் சாமான் அறைக்குள் கூப்பிட்டு, ஜன்னலைச் சாத்தினாள். செல்போன் டார்ச்சின் மேல் ஒரு முட்டையை வைத்தாள்.

முட்டை முழுக்கச் செம்மஞ்சளாக ஒளிர்ந்தது. உள்ளே சிலந்திக் கால்களாகச் சிவப்பு நரம்புகள். நடுவில் மிளகளவு கறுப்பு ஒன்று துடித்தது.

அடுத்ததிலும் துடித்தது. அதற்கடுத்ததிலும். எட்டில் ஆறு.

“அட, பெட்டைக மேல குத்தமே இல்லீங்களே!” சின்னண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். “அப்பக் கூடையில எதைத்தான் போடறது, தம்பி? ஜமீனையா?” தலையைச் சொறிந்துகொண்டு வெளியே போனார்.

கொல்லையில் ஜமீன் வலையோரமாக நடக்கும் சத்தம் கேட்டது. கதிர்வேல் அசையாமல் நின்றான்.

மைதிலி முட்டைகளை ஒவ்வொன்றாக முறத்தில் வைத்து, டார்ச்சை அணைத்தாள். பரணில் இருந்த ஃபைலை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

“நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நீங்க போய்ட்டு வாங்க.”