மூன்றில் தொடங்கும் ஸ்கேல்

எட்டாம் வகுப்பின் ஒரே மீட்டர் ஸ்கேல் மூன்றாம் எண்ணில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய துண்டு போன வருட ஆடியிலேயே, வாத்தியார் அடித்த அடியில் மாணவன் யேசுதாஸின் முதுகில் உடைந்து தெறித்துவிட்டது. புதுவாயல் சாலையில் லாரி போகும்போதெல்லாம் கூரை ஓடு அதிர்ந்து, கண்ணாடி ஓட்டின் வெயிலில் தூசி இறங்குகிறது. அந்த வெயிலில் எல்லம்மா ஸ்கேலை வாத்தியாரின் மேசைமேல் மறுபடி வைத்துப் பார்க்கிறாள். உடைந்த முனையை இந்த ஓரத்தில் வைத்தால் அந்த ஓரம் எண்பத்தேழு காட்டுகிறது. மூன்றைக் கழித்து எண்பத்துநாலு என்று நோட்டில் எழுதியிருக்கிறாள்.

"இன்னாடி இது? போன வருசமும் எண்பத்தேழு, இந்த வருசமும் எல்லாருக்கும் எண்பத்தேழு. உனக்கு மட்டும் மேசை சுருங்கிப் போச்சா?" என்கிறார் பூவராகவன் வாத்தியார்.

"ஸ்கேல்ல முன்னாடி மூணு இல்லியே சார். அத்தக் கழிச்சிக்கினேன்."

"இன்ஸ்பெக்டர் பாத்து கையெழுத்துப் போட்ட கணக்குடி அது. நாளைக்கு மறுபடியும் வராரு. பேஜாரு பண்ணாம திருத்தி எய்து."

வகுப்பு சிரிக்கிறது. எல்லம்மாவின் காது மடல் சுடுகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு, தாள் நைந்துபோகும்வரை ரப்பரால் தேய்க்கிறாள். அந்த நைந்த இடத்திலேயே எண்பத்தேழு என்று எழுதுகிறாள். உடனே சிவப்பு மையில் சரி விழுகிறது.

அவள் முழங்கைக்கு அடியில் மேசை எண்பத்துநாலாகவே இருக்கிறது.