செல்வக்குமார் வைத்த பாதைப் பெயர்கள்

ஆறாவது முறையும் டெஸ்ட் தோற்று, திரையில் சிவப்பாகவே வந்தது. 'அப்படி ஒரு பாதை இல்லை.'

லாகின் பக்கத்துக்கு லாகின் என்றுதானே பெயர் இருக்கும்?

பழைய இணையதளம். இன்றுவரை யாரோ கையால் தட்டித் தட்டிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். இனி கணினியே சோதிக்கட்டும் என்று டெஸ்ட் எழுத என்னிடம் கொடுத்தார்கள். தளத்தை உருவாக்கியவர் செல்வக்குமார், என் பக்கத்து நாற்காலிக்காரர். ஞாயிற்றுக்கிழமை முனிச்சாலையில் எங்கள் வீட்டுக்குப் பெண் கேட்டு வரப்போகிறவரும் அவரேதான்.

அந்தக் கவலைதான் எனக்குப் பெரிது. "நம்ம பாஷையில நாலு வார்த்தை தெரியாத பையன், இந்த வீட்டுல யார்கூட என்ன பேசுவான் ஸ்வர்ணா?" என்று போன மாதம் அம்மா கேட்டாள். வீட்டில் நாங்கள் பேசுவது சௌராஷ்டிரம். அவருக்கோ நாகமலைத் தமிழ். கற்றுக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினால் "பார்ப்போம்" என்பார். அழுத்தக்காரர்.

ஊகித்தது போதுமென்று, எல்லாப் பாதைப் பெயர்களையும் பட்டியலிடும் கட்டளையைத் தட்டினேன். இவை நிரலுக்குள் ஒவ்வொரு பக்கத்துக்கும் வைத்திருக்கும் பெயர்கள். தளத்துக்கு வருகிறவர் கண்ணில் படாது.

திரை முழுக்க ஆங்கில எழுத்து. ஆனால் ஆங்கிலம் இல்லை. தமிழும் இல்லை.

மெல்ல வாய்விட்டுப் படித்தேன். எங்கள் வீட்டுப் பேச்சு!

தமிழில் சொன்னால், உள்ளே நுழையும் பக்கத்துக்கு 'வந்து சேந்துட்டேன்'. தேடும் பக்கத்துக்கு 'எங்க வச்ச?' கடவுச்சொல்லைத் தொலைத்தவர்களுக்கு 'அய்யோ, மறந்துட்டேன்'. வெளியேறும் பக்கத்துக்கு 'சரி, வச்சிரவா?'

அத்தனையும் சௌராஷ்டிரம். எழுத்துப் பிழை வண்டி வண்டியாக.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. ஞாயிற்றுக்கிழமைக்காக எவ்வளவு பாடுபட்டிருக்கிறார் மனுஷன்! யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று அவரிடமே கேட்டேன்.

அவருக்குக் காது சிவந்துவிட்டது. "நீ மத்தியானம் அம்மாட்ட போன்ல பேசுவேல்ல... அம்புட்டும் காதுல விழுந்ததுதான். ரொம்பத் தப்பா இருக்கா?"

அந்த வரிகள் எழுதப்பட்ட தேதியைப் பார்த்தேன். போன மாதம்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி. நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம்.

வேலையைத் தாண்டி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதே, அதற்கு எட்டு மாதம் கழித்துத்தான்.