பொதுமக்கள் கேட்கலாம்

செங்கல்லைத் துண்டில் முடிந்து கழுத்தில் தொங்கவிட்டபடி அவர் மதில் ஏறிக்கொண்டிருந்தார்.

பேத்தி எடுத்தவர் செய்கிற வேலையில்லை. வேட்டி கிழிந்தது. முழங்கை சிராய்த்தது.

மெயின் கேட்டுக்குச் சுற்றிப் போனால் பஸ் பிடிக்க வேண்டும். பஸ் வருவதற்குள் உள்ளே எல்லாம் முடிந்துவிடும்.

குதித்தார்.

குதித்த இடத்தில் ஒரு செக்யூரிட்டி நின்றான்.

“அண்ணாச்சி, ஏறிக் குதிக்கதுக்கு இது என்ன உங்க அப்பன் தோட்டமா?”

“ஆமால. எங்கப்பன் தோட்டந்தான். நீ நிக்கியே, அங்கதான் வாழை நின்னுது.”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து ஊர்க்காரன். பல்கலைக்கழகம் யார் யார் நிலத்தின்மேல் நிற்கிறது என்று அவனுக்கும் தெரியும்.

“ஜெபசீலின்னு ஒரு பிள்ளை. டாக்டர் பட்டத்துக்கு இன்னைக்குக் கேள்வி கேக்காங்களாம்லா, எங்க?”

“வைவாவா? அந்தா, மஞ்சக் கட்டடம். மாடி. யாரு வேணாலும் போய் உக்காரலாம். வெரசாப் போங்க.”

ஓடினார். செங்கல் நெஞ்சில் இடித்தது.

காலையில் டீக்கடையில் ஒரு கார் டிரைவர் சொன்ன வார்த்தை இன்னும் காதைவிட்டுப் போகவில்லை.

“எங்க புரொபசர் வெளியூர்லேர்ந்து வைவாவுக்கு வந்திருக்கார். லேசுல விடமாட்டார். இல்லாத கிணத்த இருக்குன்னு எழுதியிருக்காம் அந்தப் பொண்ணு. பட்டம் கோவிந்தாதான்.”

ஆறின டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தவர்தான்.

ஜெபசீலி முதல் நாள் ஊருக்கு வந்தது ஸ்கூட்டரில். பின்னால் ஐஸ் பெட்டி. பெட்டி நிறையக் காலி பாட்டில்.

அவர் நாயை அவிழ்த்துவிட்டார்.

மறுநாளும் வந்தாள். கையில் நாய்க்கு பிஸ்கட்.

அவருடைய கிணற்றின் கைப்பிடிச் சுவரில் சிவப்புப் பெயிண்டால் சின்னதாக ‘7’ என்று எழுதினாள். வெயிலில் ஒருதரம், மழைக்குப் பிறகு ஒருதரம் தண்ணீர் மொண்டு போனாள். கடைசியாக வந்த அன்று, அவர் பேத்தியை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். பல்லெல்லாம் காவிக் கறை.

“இந்தத் தண்ணிய இனி குடுக்காதீங்கய்யா.”

அவ்வளவுதான் சொன்னாள். அதற்கப்புறம் அந்தப் பக்கம் அவள் வரவில்லை.

மாடிப்படி. கதவு.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தார்.

கடைசி வரிசையில் அவளைப் பெற்றவர்கள். பட்டம் கிடைத்ததும் கொடுக்க வைத்திருந்த லட்டு டப்பாவை அந்த அம்மாள் மடியில் அமுக்கிப் பிடித்திருந்தாள். மூடி நசுங்கியிருந்தது.

திரையில் அவருடைய கிணறு. அதன் பக்கத்தில் ஜெபசீலி.

முன்வரிசையிலிருந்து வெளியூர்ப் பேராசிரியரின் குரல்.

“போட்டோ எந்த ஊர்லயும் எடுக்கலாம்மா. தண்ணி ரொம்ப மோசம்னு நீ எழுதினதே இந்த ஒரு கிணத்தத்தான். அதப் பாக்க காலையில நானே போனேன். கத்தரிச் செடி நிக்குது. ஊர்க்காரர் ஒருத்தர்கிட்டயே கேட்டேன். இங்க என்னைக்குமே கிணறு இருந்ததில்லைன்னு அடிச்சுச் சொன்னார்.”

அவள் திரையில் இருந்த கிணற்றைத் திரும்பிப் பார்த்தாள்.

அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் எழுந்தார். முறை என்று ஒன்று இருக்கிறதே.

“பொதுமக்கள் யாராவது கேள்வி கேட்கலாம்.”

வழக்கமாகப் பொதுமக்கள் கேட்பதில்லை. முந்தின நாளே சொல்லிவைத்த தோழிகள் கேட்பார்கள். இன்றைக்குத் தோழிகளும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கதவருகே நின்ற அவர் கையைத் தூக்கினார்.

எல்லாத் தலைகளும் திரும்பின. ஜெபசீலியும் பார்த்தாள். முகம் இன்னும் வெளுத்தது. நாயை அவிழ்த்துவிட்ட ஆள்.

வெளியூர்ப் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

கை தூக்கியவர் நேராக முன்னால் நடந்தார். முடிச்சை அவிழ்த்தார். செங்கல்லை மேசைமேல் வைத்தார்.

சுண்ணாம்பு உதிர்ந்த ஒரு பக்கத்தில் சிவப்பாக ஏழு.

“இதாங்கய்யா அந்தக் கெணறு. இத மட்டும் தோண்டி எடுத்தேன். பாக்கி மண்ணுக்குள்ள கெடக்கு. கண்ணுல பட்டாப் பிள்ளைக மொண்டு குடிச்சிருமேன்னு நாந்தான் மூடுனேன். இவ சொல்லித்தான் மூடுனேன். ஆனா மூடுனது இவளுக்கே தெரியாது.”



“அப்ப அந்த ஊர்க்காரர் ஏன் அப்படிச் சொன்னார்?” என்றார் வழிகாட்டி.

“கார்ல வந்து எறங்கி, கெணறு எங்கன்னு கேட்டா, எங்க ஊர்ல இல்லன்னுதான் சொல்லுவோம். முன்னால ஒருக்கக் காட்டுனோம். இந்தக் கட்டடம் வந்துட்டு.”

யாரோ சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டார்கள்.

அவர் வெறும் துண்டை இரண்டு கையாலும் முறுக்கினார்.

“அப்படிச் சொன்ன ஆளு நாந்தாங்கய்யா.”

வெளியூர்ப் பேராசிரியர் செங்கல்லை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பெயிண்டை நகத்தால் மெல்லச் சுரண்டினார். பிறகு அதைத் திரையில் இருந்த படத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

“பெரியவரே,” என்றார் வழிகாட்டி. குரல் தணிந்திருந்தது. “இங்க கேள்விதான் கேக்கணும்.”

பெரியவர் கொஞ்சம் யோசித்தார். ஜெபசீலி பக்கம் திரும்பினார்.

“புதுசா போர் போட்டிருக்கோம். தண்ணி பாத்தா நல்லாத்தான் இருக்கு. ஆனா பிள்ளைகளுக்கு இன்னும் குடுக்கல.”

தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“எப்பம்மா வந்து பாப்ப?”